கேடி லிஸ்ட்டில் என் பெயர்

ஆடி 26, திங்கள்

விடிந்ததிலிருந்தே காற்று. கூரை ஓலை இரண்டு பறந்தது. பேரையூர் போய் மனு எழுதுகிறவரைப் பார்த்தேன். ஸ்டேஷன் கேடி லிஸ்ட்டிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லி மனு. பதினொரு வருஷமாக இருக்கிற பெயர். கோழியோ, கோயில் மணியோ, எது திருட்டுப்போனாலும் போலீஸ் முதலில் என் வாசலுக்குத்தான் வரும்.

வேண்டியது: கிராம முன்சீப் சான்று. ஊர்க்காரர் ஐந்து பேர் கையெழுத்து.

ஆவணி 12க்குள் முடிய வேண்டும். அன்று அழகர்கோவிலில் பேரனுக்குக் காது குத்து. என் மகள் பாண்டியம்மாளுக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. தாய்மாமன் மடிக்கு நான்தான். சம்பந்தி அவனியாபுரத்திலிருந்து சொல்லி அனுப்பிவிட்டார். "பேரு எடுத்த காகிதத்தோட வரட்டும். இல்லேன்னா எங்க ஆளு மடியில வச்சுக் குத்திக்கிருவோம்." அவர் மேலும் குற்றமில்லை. போன தையில் அங்கே ஒரு ராத்திரி தங்கினேன். மறுநாளே அவர் பட்டறைக்குப் போலீஸ் போய் என்னைப் பற்றி விசாரித்தது.

ஆடி 28, புதன்

நல்ல வெயில். நாலு கையெழுத்து ஆயிற்று. ஐந்தாவது மாயாண்டி மாமா. கையெழுத்துக்கு முன்னால் புதிதாக வாங்கிய மாட்டு ஜோடியைக் காட்டினார். இடது மாட்டுக்கு நெற்றியில் வெள்ளை. வலது கொஞ்சம் கோபக்காரன். கொம்பு சீவி எண்ணெய் போட்டிருந்தார். மாட்டுப் பேச்சென்றால் நானும் நேரம் பார்க்க மாட்டேன். உச்சி வெயில் ஆகிவிட்டது.

"ஒரு கையெழுத்து என்ன மாப்ள, ஒம்போது போடுறேன். குடு பேனாவ!"

மாமாவுக்குக் கைநாட்டுத்தான்.

பெயர் விழுந்த கதை: எங்கள் பக்கம் மாடு காணாமல் போனால் ஸ்டேஷனுக்குப் போவதில்லை. விஷயம் தெரிந்த ஆளைத் தூது விடுவார்கள். பிடித்துப் போனவனுக்குத் துப்புக்கூலி கொடுத்தால் மாடு திரும்பும். யார் என்று கேட்கக் கூடாது. தூது போனவனுக்கும் அதில் கொஞ்சம். அப்படி ஒரு தடவை போனேன், வாங்கினேன். போலீஸ் என்னையே திருடன் என்றது. எட்டு மாசம் ஜெயில். இந்த எழுத்து அங்கே படித்தது.

ஆவணி 1, ஞாயிறு

லிஸ்ட்டில் இருப்பவன் ஞாயிறுதோறும் ஸ்டேஷனில் போய் நிற்க வேண்டும். இன்று அப்படியே மனுவும் கொடுத்தாயிற்று. ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற ரைட்டர், "ஏய்யா செல்லையா, நீ போயிட்டா ஞாயித்துக்கெழம நான் யாரு மூஞ்சியில முழிக்க?" என்றார். எல்லோரும் சிரிப்பு. நானும் சிரித்து வைத்தேன். இன்ஸ்பெக்டர் புதுசு. அதட்டவில்லை. "எட்டு நாள் பொறு. ஒன் மேல எதுவும் வரலேன்னா மேலாபீசுக்கு எழுதிர்றேன்."

பேரனுக்குச் சட்டை. மஞ்சளா, சிவப்பா? வரும் வழியெல்லாம் இதே யோசனை.

ஆவணி 4, புதன்

மாயாண்டி மாமாவின் மாடுகளைக் காணோம். ஜோடியாக. காலையிலேயே வந்துவிட்டார்.

"நீ ஒரு வார்த்த கேட்டாப் போதும் மாப்ள."

"ஸ்டேஷன்ல எழுதிக் குடுங்க மாமா."

"எழுதிக் குடுத்து எந்தக் காலத்துல மாடு வீடு வந்துருக்கு?"

பின்னாலேயே அத்தை. "கைநாட்டு வாங்க மட்டும் எங்க வீடு தெரிஞ்சுச்சாக்கும்."

ஆவணி 5, வியாழன்

போனேன். எங்கே, யாரிடம் என்று இந்த நோட்டிலும் எழுத மாட்டேன். காலெல்லாம் வீக்கம். மாடு திரும்பியது. எனக்குப் பங்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டீ கூடக் குடிக்கவில்லை. அன்றைக்குக் கூலி வாங்கியதால்தானே குற்றம். இன்றைக்கு வாங்கவில்லை. ஒன்றும் வராது.

ஆவணி 8, ஞாயிறு

தூறல். ஸ்டேஷனில் எனக்கு முன்பே மாயாண்டி மாமா. வெளுத்த வேட்டி. எனக்காகப் பேச வந்தாராம்.

"அய்யா, இவன மாதிரி ஆளு இந்தத் தாலுகாவுல கெடையாது. ஒத்த நாள்ல எம் மாட்டக் கொண்டாந்து கட்டிட்டான். ஒரு டீ வாங்கிக் குடிக்கலங்கய்யா!"

ரைட்டரின் பேனா நின்றது. இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார்.

"மாடு எங்க இருந்துச்சு?"

மேஜைமேல் இருந்த மனுவைப் பார்த்தேன்.

"யாருகிட்ட கேட்ட?"

சொன்னால் இரண்டு குடும்பம் போகும். பிறகு நானும் ஊரில் இருக்க முடியாது.

மாமாவுக்கு இன்னும் புரியவில்லை. "சொல்லு மாப்ள. எம்புட்டுத் தூரம் நடந்தேன்னு அய்யாகிட்ட சொல்லு."

மனு திரும்பக் கைக்கு வந்தது. என் பெயருக்குக் கீழே ரைட்டர் புதிதாக ஒரு வரி எழுதினார். எதிரில் நின்று தலைகீழாகவே படித்தேன். திருட்டு ஆட்களுடன் இன்னமும் தொடர்பு.

ஆவணி 9, திங்கள்

பாண்டியம்மாளுக்குக் கார்டு. காய்ச்சல், வர முடியாது. வேறு என்ன எழுத.

ஆவணி 12, வியாழன்

வெயில். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. குளித்தேன். சாப்பிடப் பிடிக்கவில்லை. இந்நேரம் குத்தியிருப்பார்கள். அழுதிருப்பான். யார் மடியோ.

பதினொரு மணி வாக்கில் வாசலில் ஓர் ஆள். மேற்கே ஏதோ ஊராம். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம்.

"அண்ணே, மாயாண்டி அண்ணன்தான் ஒங்க பேரச் சொல்லி அனுப்புச்சாரு. நம்ம பசு ஒண்ணு, ரெண்டு நாளாக் காணோம்…"

உட்காரச் சொன்னேன்.