கத்தாழை பூசிய கை

என் பிரியமுள்ள மதினிக்கு,

நம் ஊர்க் கொட்டகைக்கு அந்தப் படம் மறுபடி வந்திருக்கிறது. பொய்ப் பூசாரி படம்தான். சுவரொட்டியில் அம்மன் பெரிதாகவும் பூசாரி சின்னதாகவும் இருப்பதைப் பார்த்துவிட்டு, சாமி படம் என்று நினைத்து அம்மாவே என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். சினிமா என்றாலே முகத்தைச் சுளிக்கிற உங்கள் மாமியார்தான்! வெள்ளைக்காரன் ஊரை விட்டுப் போனதைவிட எனக்கு இதுதான் அதிசயமாக இருந்தது.

நீங்கள் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் தடவை அது வந்தபோது சண்டைக் காலம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஓடிய சனமெல்லாம் திரும்பி வந்திருந்தது. எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. "வேண்டாம்ளா, அத்தைக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிருவாவ" என்று நீங்கள் சொல்லச் சொல்ல, உங்கள் கையைப் பிடித்து இழுத்தவள் நான். பிரதோஷம், சாமி புறப்பாடு பார்த்துவிட்டு வருகிறோம் என்று அம்மாவிடம் சொன்னவளும் நான். கோயிலுக்குப் போனதற்கு அடையாளம் வேண்டுமே என்று, அடுப்புச் சாம்பலைத் துணியில் சலித்துக் காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். பொய்யைப் பற்றிய படத்துக்குப் பொய் சொல்லிவிட்டுப் போகிறோமே என்று வழியெல்லாம் நமக்குச் சிரிப்பு.

படத்தில் அந்தப் பூசாரி, அம்மன் தன்னிடம் பேசுவதாக ஊரை ஏமாற்றுவான். யாராவது சந்தேகப்பட்டால் உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்வான். கை சுடாது. முன்னாடியே கத்தாழைச் சோற்றை அப்பியிருப்பான். உண்மை சொல்கிற வண்ணான் பாவம், வெறுங்கையில் ஏற்றி "ஐயோ அம்மா" என்று குதிப்பான். ஊர் அவனைப் பொய்யன் என்று துரத்தும். கடைசியில் பூசாரியின் கத்தாழைச் செடியை ஆடு தின்றுவிட, அவன் மாட்டிக்கொள்வான். "கத்தாழையை எந்த ஊரு ஆடுளா திங்கும்?" என்று நீங்கள் கேட்டதில் எனக்குப் புரையேறிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தச் சாம்பலைப் பயபக்தியோடு நெற்றி நிறையப் பூசிக்கொண்டாள். மறுநாள் காலையில் பக்கத்துக் கடை அண்ணாச்சி வந்து, "கோயில் தெருவுல சாவுல்லா. பிரேதம் எடுக்க நேரமாயிட்டு, நேத்து நடையே தொறக்கல" என்றார். அம்மா தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. "அப்பம் ரெண்டு பேரும் எங்களா போனிய?" என்று என்னைப் பிடித்து உலுக்கினாள்.

ஆம்பிளைகள் நிறைந்த கொட்டகைக்குப் பெண் தானாகப் போனாள் என்று தெரிந்தால், மாப்பிள்ளை வீட்டார் நம் வாசற்படி மிதிப்பார்களா? நான் அழுதுகொண்டே சொன்னேன்: "மதினிதாம்மா கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போனாவ. கோயிலுக்குன்னு நெனச்சுதான் நான் கூடப் போனேன். அந்தத் திருநீறும் அவிய குடுத்ததுதான்."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அப்போதுகூட, இவள்தான் இழுத்துப் போனாள் என்று நீங்கள் சொல்லவில்லை. "இல்ல அத்தை, ரெண்டு பேரும் பேசித்தான் போனோம்" என்றீர்கள்.

"ரெண்டு பேரும் தலைக்குக் குளிச்சிட்டு வாங்க. கையில கற்பூரம் ஏத்திச் சத்தியம் பண்ணுங்க. உண்மை சொல்லுதவளை அம்மன் சுடமாட்டா" என்றாள் அம்மா.

நான் குளித்துவிட்டு வரும்போது, புறவாசல் நிலையில் திருஷ்டிக்குக் கட்டியிருந்த கத்தாழையில் ஒரு மடலை ஒடித்தேன். மதினி, அந்த நேரத்தில் எனக்கு அம்மன் ஞாபகமே வரவில்லை. பூசாரிதான் ஞாபகம் வந்தான்.

என் கை சுடவில்லை. உங்கள் கை பொத்துப்போயிற்று. அம்மாவுக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. அண்ணன் உங்களை உடன்குடியில் உங்கள் பிறந்த வீட்டுக்குக் கொண்டுபோய் விட வண்டி கட்டினான். புறவாசலில் கையைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்த நீங்கள், நான் அந்தப் பக்கம் வந்ததும் நிமிர்ந்து நிலையைப் பார்த்தீர்கள். ஒடிந்த மடலிலிருந்து சாறு வடிந்துகொண்டிருந்தது.

"ஏளா, மிச்சம் இருந்தா கொஞ்சம் தா. கை எரியுது."

"என்னது மதினி? என்கிட்ட ஒண்ணும் இல்லியே" என்றேன்.

மூன்று மாதம் கழித்து நீங்கள் திரும்பி வந்தீர்கள். அதற்குள் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்தத் தழும்புக் கையாலேயே எனக்குத் தலை பின்னிப் பூ வைத்து அனுப்பினீர்கள். அதன் பிறகு ஒரு வார்த்தை? ஒரு குத்தல்? ஒன்றும் இல்லை. நீங்கள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். காய்ச்சலில் நீங்கள் கிடந்த கடைசி நாட்களில்கூட உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே தவிர, கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. நீங்கள் காத்திருந்தீர்களா மதினி?

நேற்றுக் கொட்டகையில் கற்பூரக் காட்சி வந்தது. பெண்கள் பக்கம் முழுக்கச் சிரிப்பு. அம்மா சிரிக்கவில்லை. என் வலது கையை எடுத்து, விரல்களைப் பிரித்து, உள்ளங்கையைத் தடவிப் பார்த்தாள்.

"ஏளா, நீயும் கத்தாழைதான் தடவுனியா?"

எனக்கு இப்போது பயப்பட என்ன இருக்கிறது? புருஷன் தங்கமானவர், பிள்ளைகள் இரண்டு. ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

"இல்லம்மா" என்றேன்.

அம்மா கையை விட்டுவிட்டாள். அப்புறம் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். உங்களைத் துரத்தியவள் அவள் அல்லவா? அவளுக்கும் அந்தப் பொய் வேண்டியிருந்ததோ என்னவோ. எனக்குத்தான் இருந்த இடத்திலேயே கூசிப்போயிற்று.

வெள்ளிக்கிழமை உங்கள் முதல் திதி. அண்ணனும் அம்மாவும் சொந்தபந்தமும் கூடியிருக்கும்போது உரக்க வாசிக்கத்தான் இதை எழுதுகிறேன். யார் தடுத்தாலும் பாதியில் நிறுத்த மாட்டேன். கற்பூரம் ஏற்ற மாட்டேன், அம்மனைச் சாட்சிக்கு இழுக்க மாட்டேன். வாசித்து முடித்ததும் புறவாசல் கத்தாழையில் ஒரு மடலை எல்லோரும் பார்க்க ஒடித்து, உங்கள் படையல் இலையில் வைப்பேன். இது சத்தியம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. வைப்பேன் மதினி.

கை எரிகிறது என்று நீங்கள் கேட்டும் தராத உங்கள் நாத்தனார்,
பொன்னுத்தாய்