தேங்காய் உடைத்த இடத்தில் வெறுங் கடதாசி

மாமா,

நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுவதென்று முடிவு செய்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். போன மாரியில் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோன பிறகு எல்லோரும் உங்களைப் பற்றி நல்லதை மட்டுமே சொல்கிறார்கள். நான் உண்மையைச் சொல்லப் போகிறேன். அதுவும் நல்லதாகத்தான் இருக்கிறது.

இன்று விஞ்ஞான பாடத்தில் இரண்டு கம்பிகள் தொட்டுத் தீப்பொறி பறந்து கடதாசி கருகியது. மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கு அது உங்கள் வள்ளத்தின் சின்ன அறைக்குள் வீசிய மணம். மீன் பார்க்கும் பெட்டியின் ஊசி, சாம்பல் நிறக் கடதாசியைச் சுட்டுச் சுட்டுக் கோடு கீறும்போது வருகிற மணம்.

அந்தப் பெட்டியை வாங்க நீங்கள் பட்ட பாட்டைவிட, வள்ளத்தில் பாதிப் பங்குக்காரரான கிண்ணியா நானாவைச் சம்மதிக்க வைக்கப் பட்ட பாடுதான் பெரிது. "மீன் எங்க நிக்குதெண்டு கடல்ட நிறத்தைப் பாத்துச் சொல்லுவன். எனக்கு ரேடியோ வேணுமா, கதிரேசு?" என்று கேட்டார். நீங்கள் விடவில்லை. பெட்டி கடலுக்குள் ஒலி அனுப்பும், அடியிலோ மீன் கூட்டத்திலோ பட்டுத் திரும்பி வருவதைக் கீறிக் காட்டும் என்று அவருக்கு மூன்று முறை விளக்கினீர்கள். வள்ளத்தின் அடியில் பூட்டுகிற வட்டத் துண்டுக்கு நீங்கள் வைத்த பெயர் 'காது'. ஆங்கிலக் கையேட்டை நான் அகராதியோடு வாசிக்க, நீங்கள் திருகாணி முறுக்கினீர்கள்.

புது வலையோ புது எஞ்சினோ, எது வந்தாலும் உங்களுக்கு ஒரு முறை உண்டு. துறைமுக வாயைத் தாண்டி, கோணேசர் மலை தெரிகிற இடத்தில் எஞ்சினை நிறுத்தித் தேங்காய் உடைத்த பிறகுதான் அதைத் தொடுவீர்கள். நானா பிஸ்மில்லா சொல்லிவிட்டுத் தேங்காய்ச் சொட்டுக்குக் கை நீட்டுவார். பெட்டியையும் அங்கேதான் முதன்முதலில் ஓடவிட்டீர்கள். மேல்விளிம்பில் ஒரு கோடு விழுந்தது. அதற்குக் கீழே வெறுங் கடதாசி.

பற்றரி முனைகளைச் சுடுதண்ணீரால் கழுவினீர்கள். எஞ்சினோடு ஒட்டிப் போன வயரை மறுபக்கம் மாற்றினீர்கள். அலையில் காது வெளியே வருகிறதோ என்று ஒரு சாண் இறக்கிப் பூட்டினீர்கள். ஒவ்வொரு முறையும் அதே இடம், புதுத் தேங்காய், அதே வெறுமை.

"தேங்காய்க்காரன்தான் உழைக்கிறான்" என்று இறங்குதுறையில் சிரித்தார்கள். நானா சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை கழட்டிக் குடுத்திரு. ஏலாட்டிச் சொல்லு, நான் வேற வள்ளம் பாத்துக்கிறன்" என்றார். அன்று நீங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தீர்கள். பெட்டி போவது உங்களுக்குப் பெரிதில்லை. சிறுவயதிலிருந்து ஒரே பலகையில் இருந்தவர் எழும்பிப் போய்விடுவார் என்பதுதான் பயம்.

வியாழக்கிழமை அக்கரைக் கட்டைபறிச்சானில் கலியாண வீடு. அம்மாவையும் என்னையும் வள்ளத்தில் ஏற்றினீர்கள். நானா சுக்கான் பிடித்தார். நீங்கள் முன்பக்கம் போய் அவருக்கு முதுகு காட்டி இருந்தீர்கள். பெட்டியை நிறுத்த மனமில்லாமல் ஓடவிட்டிருந்தீர்கள். குடாவின் நடுவில் வழக்கம்போல ஒன்றுமில்லை. அக்கரைக்குக் கிட்டப் போகும்போது, சேலை நனையாமல் அறைக்குள் ஒதுங்கியிருந்த அம்மா கூப்பிட்டார்.

"தம்பி, இஞ்ச வா. உன்ர பெட்டி என்னவோ கீறுது."

"பகிடி விடாதை அக்கா."

"பகிடியோ? வந்து பார். அடிச்சட்டிக் கரி மாதிரி."

கடதாசியின் அடியிலிருந்து ஒரு கறுப்புக் கோடு மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. மகாவலி ஆறு கொண்டுவந்து கொட்டிய சேற்றுத்தரை அது. நீங்கள் நானாவுக்குக் கோட்டைக் காட்டினீர்கள். நானா வள்ளத்தை வந்த வழியே திருப்பினார். கோடு இறங்கியது, இன்னும் இறங்கியது, கடலடிப் பள்ளத்தின் விளிம்பில் சடாரென்று விழுந்து கடதாசியை விட்டே போய்விட்டது.

நானா சுக்கானை விட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். "அல்லாவே! தேங்காய் உடைக்கிற இடத்தில நங்கூரக் கயிறே அடியில முட்டாதெண்டு நமக்குத் தெரியுந்தானே. அங்க நிண்டுக்கிட்டு இந்தப் பாவத்தை அடி எங்க, அடி எங்கண்டு கேட்டிருக்கம்!"

"உங்கட தேங்காய்தான் போய் முட்டியிருக்கும்" என்றார் அம்மா.

நீங்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தீர்கள். "பழுது பெட்டியில இல்லை நானா, நாங்க நிண்ட இடத்தில." தாலி கட்டி முடிந்த பிறகுதான் கலியாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அடுத்த கிழமை அந்த விளிம்பிலேயே கறுப்புப் புகை போல ஒரு திட்டு விழுந்தது. வலை நிறையப் பாரை. "ரேடியோ பாட்டுப் படிக்குது" என்று நானாவே துறை முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

நீங்கள் போன பிறகு புது வள்ளக்காரர் ஒருவர் நானாவைக் கூப்பிட்டார். "கதிரேசுட வள்ளத்தை விட்டுட்டு எங்க வாறது?" என்று கேட்டு அனுப்பிவிட்டாராம். நீங்கள் அன்று பயந்தது நடக்கவேயில்லை, மாமா. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

எனக்கும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. கணக்கு விளங்காத நாளில் எனக்குப் புத்தி இல்லை என்று புத்தகத்தை மூடுவதில்லை. விளங்கும் கணக்கு ஒன்றுக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து மெதுவாக ஆழத்துக்கு வருகிறேன். பெரும்பாலும் கோடு விடாமல் கூடவே வருகிறது.

விடிய எழும்ப வேண்டும் என்று அம்மா விளக்கை அணைத்துவிட்டார். இந்த வரி கோணலாக இருந்தால் அதனால்தான்.