இடுப்பில் குத்திய பேட்ஜ்

மாலாங்
மழை விடாத வெள்ளிக்கிழமை

அன்பு மகன் பகஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அப்பாவும் நலம். சப்போரோ குளிரில் நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதுதான் இந்த வீட்டில் தினசரிப் பேச்சு. நீ கேட்ட தெம்பே வறுவல் இந்தப் பெட்டியில் இருக்கிறது. ருசி பார்க்கிறேன் என்று பாதியை அப்பா தீர்த்துவிட்டார், கோபப்படாதே. கடிதத்தையும் இதற்குள்ளேயே வைக்கிறேன். போனில் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன்.

வெனிங் கெதிரிக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டது உனக்குத் தெரியும். ஏன் போனாள் என்று சொல்லியிருக்க மாட்டாள். மாமியாரைக் குறை சொல்லத் தெரியாதவள் உன் மனைவி. அதனால் நானே சொல்கிறேன்.

அவள் வயிற்றில் பிள்ளை இருப்பது உனக்கு முன்பே தெரியும். நாலாம் மாத விருந்து வைக்கும்வரை வெளியே மூச்சு விடக் கூடாது என்பது நம் வீட்டு வழக்கம். போன முறை அவசரப்பட்டு ஊருக்கெல்லாம் சொன்னோம். பிறகு அத்தனை பேரிடமும் போய், பிள்ளை தங்கவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அதனால் இந்த முறை என்னிடம் மறைத்ததில் எனக்குக் கோபமில்லை. ஆனால் அவள் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி நான். கர்ப்பம் என்று தெரிந்த அன்றே என்னிடம் வந்து சொல்லிவிடுங்கள் என்று ஆண்டுதோறும் வகுப்பெடுப்பவளும் நான்தான்.

சென்ற வாரம் வழக்கமான சோதனைக்கு அவள் ஆய்வகத்துக்குப் போனேன். உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜை எல்லோரும் நெஞ்சில்தான் குத்துவார்கள். வெனிங்கின் கோட்டு விலகியபோது பார்த்தேன், உள்ளே இடுப்பில் குத்தியிருந்தாள். கர்ப்பிணிகளுக்கு இன்னொரு பேட்ஜ் கொடுத்து அங்கேதான் குத்தச் சொல்வோம். என்னிடம் கேட்டு வாங்க முடியாதே! பிள்ளைக்கு எவ்வளவு படுகிறது என்றாவது தெரியட்டும் என்று, இருந்த ஒன்றையே கீழே இறக்கியிருக்கிறாள். வேறு யார் பார்த்தாலும் ஒன்றும் தோன்றியிருக்காது. எனக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

அப்போது அவள் கையில் கதிரியக்க அயோடின் புட்டி. "வெனிங், அதைக் கீழ வச்சுட்டு வெளிய வா" என்று கத்திவிட்டேன். அவள் தோழி யூனி சிரித்துக்கொண்டே, "என்ன மேடம், வீட்டுச் சண்டைய இங்க கொண்டாந்துட்டீங்களா?" என்றாள். பிறகு என் பார்வை போன இடத்தைப் பார்த்துச் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். ஒரு நிமிடத்தில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. வெனிங் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். இவ்வளவு நாள் பாடுபட்ட அவளுடைய ஆய்வை அன்றே யூனியிடம் மாற்றிவிட்டேன். அதைத் தவறென்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஏதாவது சாக்குச் சொல்லித் தனியே கூப்பிட்டிருக்கலாமே என்றுதான் மனம் அடித்துக்கொள்கிறது.

பேட்ஜை அவசரமாக ஜகார்த்தாவுக்கு அனுப்பினேன். அளவு மிகக் குறைவு என்று முடிவு வந்தது. அதைச் சொன்னபோது வெனிங் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதிகாரியா வேணாம், அம்மாவா சொல்லுங்க. கொழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டாள். ஒன்றும் ஆகாது என்று யாருக்கும் உறுதி சொல்லும் பழக்கம் எங்கள் தொழிலில் இல்லை. "வரம்புக்கு ரொம்பக் கீழதான் இருக்கு கண்ணு" என்றேன். கையை விட்டுவிட்டாள். மறுநாள் காலையில் பஸ் ஏறிவிட்டாள்.

நான் எப்போது போன் செய்தாலும் அவள் அம்மாதான் எடுக்கிறார். வெனிங் தூங்குகிறாள் என்கிறார். ஒரு பெண் பகலெல்லாமா தூங்குவாள்?

மகனே, இதைப் படித்ததும் அவளைக் கூப்பிடு. அளவு, வரம்பு என்று எதையும் எடுக்காதே. "கொழந்தைக்கு ஒண்ணும் ஆகாது, அம்மா சொன்னாங்க" என்று மட்டும் சொல். அம்மா அப்படிச் சொல்லவில்லையே என்று நீ யோசிக்க வேண்டாம். இதோ, சொல்லிவிட்டேன்.

அல்லாஹ் உங்கள் மூவரையும் காப்பானாக.

உன் அம்மா,
முர்தினி