எங்கே இருந்தாலும் சேர்ந்து ஆடலாமாம்

என் சண்டைக்கார அண்ணனுக்கு,

நாம் காத்துக்கிடந்த கேமின் மூன்றாம் பாகத்தை அறிவித்துவிட்டார்கள். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? ஆனால் சந்தோஷச் சேதி இல்லை, வயிறு எரிகிறது.

செங்கம் ரோட்டு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, கம்பெனியின் அறிமுக விழாவை நின்று நின்று ஓடும் வீடியோவில் பார்த்தேன். கோட்டு போட்ட ஒருத்தர் மேடையில் நடக்கிறார். நாய்க்குட்டி வளர்க்க ஒரு கேமாம். மூளையைத் தீட்டக் கணக்குப் போடும் கேமாம்! கணக்குக்குப் பயந்துதானே நான் டைப்ரைட்டிங் கிளாஸில் சேர்ந்தேன்? கார் ரேஸ் மட்டும் பரவாயில்லை. அதிலும் கொட்டுகிற மழையில் கண்ணாடியில் ஒரு சொட்டு வழியவில்லை.

கடைசியில் நம்முடையது வந்தது. ஒரே டிவி முன்னால் இரண்டு பேர் ஆடுவதை எடுத்துவிட்டார்கள். அவரவர் வீட்டிலிருந்து நெட்டில்தான் சேர வேண்டுமாம். "உங்கள் கூட்டாளி எங்கே இருந்தாலும் சேர்ந்து ஆடலாம்" என்று சிரித்தார். எங்கே இருந்தாலுமா? ஏன்யா, எட்டு மாசத்துக்கு முன்னால் மஞ்சள் காமாலையில் போன என் அண்ணனோடு ஆட முடியுமா? கத்தியே விட்டேன். பக்கத்து சீட்டில் இருந்த, ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரம்மா ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

இரண்டு பேர் ஆட்டத்தை எடுக்கப்போவதாகப் பேச்சு அடிபட்டபோதே எடுக்காதீர்கள் என்று கம்பெனிக்கு எழுதினோமே, பிரித்தாவது பார்த்தார்களா? வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் தினமும் மனு டைப் அடிக்கிற பழக்கதோஷம், அதற்கும் பெறுநர், பொருள் எல்லாம் போட்டேன். "ஸ்டாம்பு இல்லன்னா எவன் படிப்பான்?"னு கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்பு ஒட்டியது நீதான். அந்தக் கம்பெனிக்காரன் என்ன நினைத்தானோ!

உன் மேலும் கோபம்தான். கண்ணெல்லாம் மஞ்சளாகியும், "சூடு ஜாஸ்தியாயிடுச்சு, எளநி குடிச்சா சரியாப்பூடும்"னு ஏன் ஒரு வாரம் ஓட்டினாய்? முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் என்ன?

வீட்டுக்கு வந்து இரண்டாம் பாகத்தைப் போட்டேன். அதில் பாலத்தைத் தனியாகத் தாண்ட முடியாது, இன்னொருத்தர் சங்கிலியைப் பிடிக்க வேண்டும். விழுந்து விழுந்து ஆத்திரத்தில் ஜாய்ஸ்டிக்கை வீசினேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உன் இடத்தில் உட்கார்ந்தாள்.

"எதடி அழுத்தணும்? காட்டு. அவன் கூப்ட்டப்பல்லாம் வேல கெடக்குதுன்னுட்டேன்."

நான் பாலத்தைத் தாண்டிவிட்டேன், அண்ணா. "தாண்டிட்டேம்மா, கைய எடு" என்றேன். அவள் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவே இல்லை.

மூன்றாம் பாகத்தை நான் வாங்கப்போவதில்லை. அம்மா தப்பாக அழுத்தினாலும் உன்னைத் திட்டியதுபோல் திட்டமாட்டேன், இது சத்தியம்.

உன் கூடப்பிறந்த பஜாரி,
செல்வி