கிழக்குச் சுவரின் கண்ணாடி

பாய்,

கிழக்குச் சுவரின் விரிசலுக்குக் குறுக்கே நீங்கள் ஒட்டிய கண்ணாடிப் பட்டை இன்று காலைவரை உடையவில்லை. சொன்னவர் உங்கள் மனைவி. செங்கல்பட்டிலிருந்து ரயிலேறி மதுராந்தகம் வந்து, நானும் விரலால் தடவிப் பார்த்துவிட்டேன். நீங்கள் இல்லாத முதல் கோடையைச் சுவர் அசையாமல் கடந்திருக்கிறது.

கடலோரச் சதுரங்கப்பட்டினத்து மணலில் வீடு கட்டுபவர்கள் கடைக்கால் குழியில் மணல் கொட்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி இறுக்குவார்கள். அந்த வழக்கத்தோடு நீங்கள் மதுராந்தகத்து ஏரியோரக் களிமண்ணுக்கு வந்தீர்கள். சிமெண்டு பர்மிட்டு கிடைக்காமல் சுண்ணாம்பிலேயே எழுப்பிய வீடு. அடுத்த கோடையில் சுவர் பிளந்தது. அடியில் மணல் இறங்குகிறது என்று நினைத்து, சுவரோரம் தண்ணீர் ஊற்றினீர்கள். விரிசல் மூடிக்கொண்டது!

"பாத்தியா அண்ணாத்த, வூடு நம்ம பேச்ச கேக்குது" என்றீர்கள் என்னிடம்.

மழை வந்ததும் அறைக்கதவு நிலையில் சிக்கித் திறக்க மறுத்தது. வேறு யாராவது என்றால் கொத்தனாரைத் திட்டியிருப்பார்கள். நீங்கள் சுவரடி ஈரமண்ணை அள்ளி, அலுமினியக் கிண்ணத்தில் அழுத்தி வெயிலில் வைத்தீர்கள்.

"துன்ற கிண்ணத்துல மண்ண ரொப்பிகினு இன்னா வெளாட்டு இது?" என்றார் உங்கள் மனைவி.

"சும்மா இரு. வூட்டுக்கு இன்னா நோவுன்னு கேட்டுகினு கீறேன்."

மண் காய்ந்து கிண்ணத்தின் ஓரத்தை விட்டு விலகியது. தண்ணீர் விட்டதும் உப்பி மறுபடி ஓரத்தைத் தொட்டது. "இது எறங்கல அண்ணாத்த. மூச்சு வுடுது" என்றீர்கள்.

அதோடு குடத்தைக் கீழே வைத்துவிட்டீர்கள். அடிமண் ரொம்ப நனையாமலும் ரொம்பக் காயாமலும் இருக்க, வீட்டைச் சுற்றிச் சரிவாகச் செங்கல் தளம் போட்டீர்கள். விரிசலைப் பூசி, அசைந்தால் தெரியட்டும் என்று கண்ணாடியை ஒட்டினீர்கள். அது தை மாதம். மாசியில் எங்களை விட்டுப் போய்விட்டீர்கள்.

இப்போதெல்லாம் எந்தச் சுவரில் விரிசலைக் கண்டாலும் என் கண் முதலில் கீழே மண்ணுக்குத்தான் போகிறது.

மழைக்கு முன் வீட்டை விற்றுவிட்டு ஊருக்கே வந்துவிடச் சொல்கிறாராம் உங்கள் மைத்துனர். "நா இங்கியே இருக்கலாமாண்ணே?" என்று உங்கள் மனைவி கேட்டார்.

"இன்னும் தெரியலம்மா" என்றேன்.

ஐப்பசி மழை தொடங்கவில்லை. மண் முழுக்க நனைந்து கார்த்திகை முடியும்போதுதான் கண்ணாடியின் பதில் தெரியும். அவர் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார்.

"அதுவரிக்கும் யார் வந்து கூப்ட்டாலும் போறதா இல்ல. அவரு இந்த வூட்டாண்ட கேட்ட கேள்விக்கு நா பதில் பாக்கணும்."