நானூற்றுப் பதினேழு பள்ளங்கள்

மார்ச் 3, வெள்ளி

இன்று பஸ்ஸில் இரண்டு பிள்ளைகள் வாந்தி. ஒன்று என் காலணி மேல். முப்பத்தோரு வருஷமாக இந்த நாற்பதடி மஞ்சள் பஸ்ஸை ஓட்டுகிறேன். எனக்கும் ஒரு மஞ்சள் வண்டி வேண்டும், ஆனால் அதில் இரண்டே இரண்டு இருக்கைதான் இருக்க வேண்டும். இது என் இருபத்தைந்து வயது ஆசை. இப்போது வயது ஐம்பத்தாறு.

ஓமஹா ஏல யார்டில் அப்படி ஒரு மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது. போன ஜூன் கல்மழையில், ஆலங்கட்டிகளிடம் அடி வாங்கியது. பழுது பார்க்கிற செலவு காரின் விலையைத் தொடுகிறது என்று இன்சூரன்ஸ்காரன் உரிமையாளருக்குப் பணத்தைக் கொடுத்துக் கைகழுவிவிட்டான். அதனால் பத்திரத்தில் ‘சேதம்’ என்று முத்திரை. அந்த முத்திரையால் விலை பாதிக்கும் கீழே. இஞ்சினில் ஒரு கீறல்கூட இல்லை! மேல்தோலில் மட்டும்தான் அடி.

கார்லா அக்கா புருஷன் லைல் அத்தானிடம் இருக்கிறதே, அதே மாடல். அவருடையது வெள்ளை.

என் வீட்டுக்காரர் வெர்னிடம் எப்படிச் சொல்வது?

மார்ச் 5, ஞாயிறு

சொல்லிவிட்டேன். மனுஷன் வறுத்த உருளைக்கிழங்கை மென்றுகொண்டே கேட்டார். விழுங்கினார். காபி குடித்தார். அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

“செத்த காரை வாங்கப் போறியா?”

“சாகல. அம்மை போட்டிருக்கு.”

“அதுக்கு முழு இன்சூரன்ஸ் எவனும் தர மாட்டான். இன்னொரு கல்மழை அடிச்சா யார் பொறுப்பு?”

“ஏற்கெனவே உடம்பெல்லாம் பள்ளம். இன்னும் நாலு விழுந்தா யாருக்குத் தெரியும்?”

தட்டை ஒதுக்கி வைத்தார். “சரி, வாங்கு. ஆனா ஒண்ணு. கராஜ்ல என் படகு நிக்குது. அதை நகர்த்துங்கன்னு உன் வாயிலேருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தாலும் அன்னிக்கே காரை வித்துடணும்.”

இவ்வளவுதானா! பேனாவை எடுத்து ஃப்ரிட்ஜில் தொங்கும் காலண்டரிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவரும் போட்டார். எனக்கு எதற்கு கராஜ்? பேச்சு ஜெயித்த தெம்பில் ஜாம் வைத்த கொலாச் ரொட்டி இரண்டு கூடுதலாகத் தின்றேன்.

மார்ச் 11, சனி

வந்துவிட்டது. வந்துவிட்டது. வந்துவிட்டது.

மார்ச் 12, ஞாயிறு

சர்ச் முடிந்ததும் கார்லா அக்காவும் லைல் அத்தானும் பார்க்க வந்தார்கள். அத்தான் காரை ஒரு சுற்று சுற்றினார். பிரேதப் பரிசோதனைக்கு வந்தவர் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

“ஏம்மா ரோண்டா, இது காரா, இட்லித் தட்டா?”

(மறுநாள் சேர்த்தது: அவர் சொன்னது மஃபின் தட்டு. இட்லித் தட்டு என்பது என் பஸ்ஸில் வரும் தமிழ்க்கார வாத்தியாரம்மா இன்று சிரித்துக்கொண்டே திருத்தியது. அதுதான் பொருத்தம் என்பதால் மாற்றி எழுதுகிறேன். என் நாட்குறிப்பு, என் இஷ்டம்.)

“உங்க காரு ஓடுமா அத்தான்? போர்வைக்குள்ளயே பார்த்திருக்கேன்.”

அக்கா சிரிக்கவில்லை. “அந்தக் கண்றாவியை எங்க வீட்டு முன்னாடி நிறுத்திடாதே” என்றாள்.

மார்ச் 21, செவ்வாய்

ஷெரிஃப் ஆபீசில் சோதனை. உடைந்த விளக்கு, பக்கவாட்டுக் கண்ணாடி, வைப்பர் எல்லாவற்றுக்கும் ரசீது காட்ட வேண்டும், திருட்டுச் சாமான் போட்டிருக்கிறோமா என்று பார்ப்பார்கள். சோதனை போட வந்தது ட்ராவிஸ். மீசையும் துப்பாக்கியுமாக விறைப்பாக நின்றார். எட்டாம் வகுப்பு வரைக்கும் என் பஸ்ஸில் மூன்றாவது சீட்.

“வைப்பருக்கு ரசீது இல்லையே, மேடம்.”

“நீ என் பஸ் சீட்டைக் கத்தியால கிழிச்சியே, அதுக்கு ரசீது இருக்கா?”

ட்ராவிஸ் இருமினார். சுற்றும் முற்றும் பார்த்தார். அப்புறம் சட்டம் சட்டம்தான் என்று என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார், பாவி. வீட்டுக்கு வந்து குப்பைக்கூடையைக் கவிழ்த்து ரசீதைத் தேடி எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். முத்திரை மாறியது. ‘சேதம்’ போய் ‘சீரமைத்தது’ வந்தது. இனி ரோட்டில் ஓட்டலாம்.

ஏப்ரல் 14, வெள்ளி

பஸ் பிள்ளைகளுக்குள் போட்டி, மொத்தம் எத்தனை பள்ளம் என்று. பள்ளி முடிந்து எல்லாரும் சேர்ந்து சுண்ணாம்புக்கட்டியால் புள்ளி வைத்து எண்ணினோம். நானூற்றுப் பதினேழு.

ஏப்ரல் 29, சனி

இந்த மாதிரி ஒரு மாதம் என் வாழ்க்கையில் வந்ததில்லை. மரத்தடியில் நிறுத்துகிறேன், பறவை எச்சம் போடுகிறது, போடட்டும். மளிகைக் கடையில் தள்ளுவண்டி வந்து இடித்தது. அந்தப் பெண் பயந்து அழும் நிலைக்கே போய்விட்டாள். “எது நீங்க போட்ட பள்ளம்னு கண்டுபிடிங்க பார்ப்போம்” என்றேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மக்காச்சோள வயலுக்கு நடுவே நேர் ரோட்டில் மிதித்தால், அடேயப்பா! அடிவயிற்றில் கூசுகிறது.

அதே கடையில் லைல் அத்தானைப் பார்த்தேன். கடைசி மூலையில், இரண்டு இடத்தை அடைத்துக் குறுக்காக நிறுத்தியிருந்தார். வானத்தில் கைக்குட்டை அளவுக்கு ஒரு மேகம். பால்கூட வாங்காமல் வீட்டுக்கு ஓடிவிட்டார்.

மே 13, சனி

அக்கா மகள் கேலினுக்குக் கல்யாணம். காரைக் கழுவி, துடைத்து, கண்ணாடியில் வெள்ளை ரிப்பன் கட்டிக் கொண்டுபோனேன். சர்ச் முன்வாசலில் லைல் அத்தான் கார் நின்றது. அதன் பக்கத்தில் இடம் காலி. வெள்ளையும் மஞ்சளும் ஜோடியாக நின்றால் அழகாக இருக்குமே என்று ஓட்டிப் போனேன்.

கார்லா அக்கா பட்டுக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். வாழ்த்தத்தான் வருகிறாள் என்று ஜன்னலை இறக்கினேன்.

“பின்னாடி கொண்டுபோய் நிறுத்து, ரோண்டா. போட்டோவில விழும்.”

குப்பைத் தொட்டி பக்கம் நிறுத்தினேன். ரிப்பனை அவிழ்த்துவிட்டேன்.

மே 14, ஞாயிறு

அழுதேன். ஒரு காருக்காகவா அழுகிறாய், வெட்கமாக இல்லையா என்று என்னையே கேட்டேன். காருக்காக இல்லை. என்ன பேச்சு பேசுறா அவ. ‘போட்டோவில விழும்.’ நான் அவளோட தங்கச்சி.

மே 24, புதன்

பெனிட்டோ என்று ஒருவர் டெக்சாஸிலிருந்து வந்திருக்கிறார். கல்மழை எந்த ஊரில் அடித்ததோ அந்த ஊருக்குத் தன் டிரெய்லர் வீட்டை இழுத்துக்கொண்டு போய் டிங்கரிங் செய்கிற ஆள். பெயின்ட் கெடாமல், உள்பக்கமாகக் கம்பியை விட்டு நெம்பி நெம்பிப் பள்ளத்தை எடுக்கிறார். அடுத்த கல்மழை வரும்வரை அவருக்கு டிரெய்லர் நிறுத்த ஓர் இடமும் கரண்ட்டும் வேண்டும். எங்கள் கொல்லையில் இரண்டும் உண்டு. வாடகைக்குப் பதில் என் காரைச் சரி பண்ணித் தருகிறாராம்.

“நல்லா யோசிச்சுக்கங்க அக்கா,” என்றார் கார் மேல் விரலை ஓட்டிக்கொண்டே. “பள்ளத்தை எடுத்துடலாம். திருப்பிப் போட என்னால முடியாது.”

என்ன ஜோக்கு இது, திருப்பிப் போடுவதாம்! வேலையை ஆரம்பியுங்கள் என்றேன்.

ஜூன் 12, திங்கள்

முடிந்தது. கூரை ஓரத்தில் இரண்டு மட்டும் கம்பிக்கு எட்டவில்லையாம். மற்றபடி என் முகமே தெரிகிறது. மூன்று தரம் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தெற்கே எங்கோ பெரிய கல்மழை என்று பெனிட்டோ டிரெய்லரை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வழிக்கு ஒரு டப்பா கொலாச் கட்டிக் கொடுத்தேன்.

ஜூன் 16, வெள்ளி

மளிகைக் கடை. கடைசி மூலையில் நிறுத்தினேன். குறுக்காக. ஏன் அப்படி நிறுத்தினேன் என்று தெரியவில்லை.

ஜூன் 21, புதன்

வானிலைப் படத்தைப் போனில் இன்று பதினொரு தரம் பார்த்தேன். மழை வாய்ப்பு பத்து சதவீதம் என்றான். பத்து என்றால் சும்மாவா? லைப்ரரிக்கு வெர்னின் பழைய பிக்கப் வண்டியில் போனேன்.

ஜூன் 27, செவ்வாய்

மத்தியானம் இடி. ஓடினேன். விருந்தாளி அறை மெத்தையைத் தனியாளாக இழுத்து வந்து கார் மேல் போட்டேன். அதன் மேல் நாலு கம்பளி. வெர்ன் மான் வேட்டைக்கு எடுத்துப் போகும் தூக்கப் பை இரண்டு. காற்றில் பறக்காமலிருக்கத் தோட்டத்துக் கயிற்றால் கட்டிவிட்டு நிமிர்ந்தால், ஜன்னலில் வெர்ன். கையில் காபி. முகத்தில் அந்தச் சிரிப்பு.

“என்ன ரோண்டா, ஏதாவது கேக்கணுமா?”

“ஒண்ணுமில்ல. மெத்தைக்கு வெயில் காட்டுறேன்.”

“வானம் இருட்டிக் கிடக்கு.”

“இதுதான் மெத்தைக்கு நல்ல வெயில்.”

நாலு சொட்டுத் தூறல் போட்டுவிட்டுப் போய்விட்டது. மெத்தை நாறுகிறது.

ஜூலை 4, செவ்வாய்

ஊரே சுதந்திர தின வாணவேடிக்கை பார்க்கப் போயிருக்கிறது. நான் போகவில்லை. நெருப்புப் பொறி கார் மேல் விழுந்தால்?

எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். ஜூனிலிருந்து எத்தனை தரம் ஓட்டினேன்? நாலு. ஏப்ரலில் தினமும் ஓட்டினேன். கராஜில் இடம் கேட்டால் கார் போய்விடும், கேட்காவிட்டால் பளபளப்பு போய்விடும். எந்த முட்டாள் அந்தக் காலண்டரில் கையெழுத்துப் போட்டது? லைல் அத்தானைப் பார்த்து எவ்வளவு சிரித்தேன், கடவுளே.

ஜூலை 9, ஞாயிறு

ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

வெர்னுக்குப் பிறந்தநாள். அக்காவும் அத்தானும் சாப்பிட வந்தார்கள். அக்காவின் கார் பட்டறையில் கிடப்பதால் வேறு வழியில்லாமல் அத்தான் வெள்ளைக் காரை எடுத்து வந்திருந்தார். எங்கள் மரத்தின் கிளை விழுந்துவிடுமாம், தெருவில் நிறுத்தினார். என் கார் கராஜ் வாசலுக்கு நேரே, படகு திரும்பும் அளவு தள்ளி நின்றது. காலையில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

நாலு மணிக்குக் கேக் வெட்டும்போது வெளிச்சம் மாறியது. பார்த்தால் மேற்கே வானம் பச்சை. இந்த ஊரில் பிறந்த யாருக்கும் அந்தப் பச்சைக்கு விளக்கம் தேவையில்லை, கல்மழை வருகிறது. சைரன் அலறியது. அத்தான் போனைப் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது. அவர் வீடு இருபத்தைந்து மைல், நடுவில்தான் புயல்.

“சகலை! படகை வெளிய எடுய்யா! என் காரை உள்ள விடணும்!”

வெர்ன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார். “கேக்கிறது யாரு?”

“நான்தான்யா கேக்கிறேன்! காது செவிடா?”

“நீ கேட்டா சரி. எழவு, ரோண்டா கேட்டாதான் தப்பு.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்! நாலு மாசமாக என்னைக் காய்ச்சி எடுத்த மனுஷன்!

இரண்டு பேரும் படகை அதன் சக்கர வண்டியோடு தள்ளிப் புல்வெளியில் விட்டார்கள். அத்தான் தெருவுக்கு ஓடினார். என் கையில் சாவி இருந்தது. எப்போது எடுத்தேன்? தெரியாது. நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை, கராஜ் காலி, என் கார் வாசலில். ஒரே மிதி. உள்ளே போய்விட்டேன். ஸ்டியரிங்கை அடித்து அடித்துச் சிரித்தேன். ‘போட்டோவில விழும்’ என்றாயே அக்கா, இப்போது எடு போட்டோ!

அப்புறம் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன்.

அத்தான் காரை வாசல்வரை கொண்டுவந்துவிட்டார். உள்ளே நான். அவர் ஹார்ன் அடிக்கவில்லை, கத்தவில்லை. இறங்கிக் கோட்டைக் கழற்றிக் காரின் முன்பக்கம் விரித்தார். அது போதவில்லை. தானே அதன் மேல் குப்புறப் படுத்துக் கைகளை அகல விரித்தார், அறுபத்தி நாலு வயது ஆள். முதல் கல் அவர் முதுகில்தான் விழுந்தது. அக்கா வராந்தாவிலிருந்து கத்தினாள். “லைல்! உள்ள வாங்க! மண்டை உடைஞ்சிடும்! ஐயோ, யாராவது அந்த மனுஷனைக் கூப்பிடுங்களேன்!”

எனக்கு அந்த மெத்தைதான் ஞாபகம் வந்தது. கயிறு கட்டிக்கொண்டு நின்ற நான். சே.

ரிவர்ஸ் போட்டேன். ஜன்னலை இறக்கி, “எந்திரிங்க அத்தான்! உள்ள போங்க!” என்று கத்தினேன். அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார், புரியவில்லை. “போங்கன்னா!” அப்புறம்தான் எழுந்து, காரைக் கொஞ்சம் பின்னால் எடுத்து வழிவிட்டார். நான் புல்லில் ஏறி ஒதுங்க, வெள்ளைக் கார் உள்ளே போனது, கதவு இறங்கியது.

நான் இறங்கி ஓட நேரமில்லை. எலுமிச்சம்பழம் அளவுக் கல். என் கார்க் கூரையில் முதல் கல் விழுந்தபோது ஐயோ என்று அலறினேன். இரண்டாவதுக்கும் அலறினேன். பத்துப் பதினைந்து விழுந்த பிறகு சிரிப்பு வந்தது. முன்கண்ணாடியில் விரிசல் ஓடியது, அதற்கும் சிரித்தேன். ஒரு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிப் போய்விட்டது. ரேடியோவைச் சத்தமாக வைத்தேன், ஒன்றும் கேட்கவில்லை.

நின்றதும் வெர்ன் ஒரு குடையோடு வந்தார், குடையில் மூன்று ஓட்டை. “அடிபட்டிருக்கா?”

“காருக்கு.”

“உன்னைக் கேட்டேன்டி.”

ஜூலை 10, திங்கள்

படகிலும் பள்ளம். வெர்ன் ஒவ்வொன்றாக எண்ணி அறுபத்தொன்று என்றார், கொஞ்சம் பெருமையாக. “இனி இது வெளியவே நிக்கட்டும். உன் காரை உள்ள வை.” வேண்டாம், படகையே உள்ளே வையுங்கள் என்றேன். காலண்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

அத்தான் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. முதுகில் மூன்று இடத்தில் கன்றிப்போயிருக்கிறதாம்.

ஜூலை 15, சனி

பெனிட்டோ போன். “உங்க ஊர்ல செம அடின்னு கேள்விப்பட்டேன். நாளன்னிக்கு வரேன் அக்கா, உங்க காரைத்தான் முதல்ல எடுக்கிறேன்.”

கொலாச் சாப்பிட வாங்க, கம்பியைக் கொண்டுவர வேண்டாம் என்றேன்.

ஜூலை 23, ஞாயிறு

காலையில் அக்கா போன் பண்ணினாள். அவள் கார் இன்னும் பட்டறையில்தானாம். அத்தானுடைய கார்? வானம் மூடியிருக்கிறதாம், எடுக்க மாட்டாராம். “சர்ச்சுக்கு நீ வந்து என்னைக் கூட்டிட்டுப் போறியா? பிக்கப் வேணாம். உன் கார்லயே வா.”

போனேன். வாசலில் அத்தான் நின்றார். என் காரை ஒரு சுற்று சுற்றினார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. ஜன்னலுக்குக் குனிந்து, “இப்ப எத்தனை பள்ளம்?” என்று கேட்டார்.

“இன்னும் எண்ணல அத்தான். ஸ்கூல் திறக்கட்டும்.”

“நான் ஐந்நூறுன்னு சொல்றேன். எழுதிக்கோ.”

சர்ச் வந்தது. பழக்கத்தில் பின்பக்கம், குப்பைத் தொட்டியை நோக்கித் திருப்பினேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்கடி போறே? முன்வாசல்ல இடம் இருக்கு பாரு.”

முன்வாசலில் நிறுத்தினேன். இறங்கும்போது தூறல் ஆரம்பித்தது. இரண்டு பேரும் மேலே பார்த்தோம். மூடாமல், போர்த்தாமல் காரை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனோம்.