குதிரை மேல் நிற்பது என் கணவர் அல்ல

அனுப்புநர்:
எ. ஆரோக்கியமேரி (வயது 72),
க/பெ எட்வர்ட் (தகராறே இவர் பெயரில்தான்),
மாதா கோயில் தெரு, கவரைப்பேட்டை.

பெறுநர்:
தனி அலுவலர் அவர்கள்,
'நம்ம ஊர் தைரியசாலிகள்' படக் கண்காட்சி,
கும்மிடிப்பூண்டி.

பொருள்: 14ஆம் எண் படத்தில் பெயரைத் திருத்தி, புதுப் படமும் மாட்டக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மூத்த பேத்தி பிரின்சி தேர்வாய் கண்டிகை கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். நாற்பது ஆம்பிளைகளுக்கு நடுவில் அவள் ஒருத்தி. பேரன் ரகு நீளம் தாண்டுவதில் மாவட்டத்தில் இரண்டாவது. சின்னவள் சுமலதா ஐந்தாவதுதான் படிக்கிறாள், நானும் அவ்வளவுதான். ஆனால் அவள் கிணற்றில் குதிப்பதைப் பார்த்தால் தங்களுக்கே மூச்சு நின்றுவிடும்.

2. இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று ஊரே கேட்கிறது. தாத்தா எட்வர்டிடமிருந்து என்று தங்கள் பலகை சொல்கிறது. அதனால்தான் இந்த மனு.

3. மேற்படி படம் 1974இல் திருவள்ளூரில் சர்க்கஸ் கூடாரத்தில் எடுத்தது. இரண்டு குதிரை மேல் ஒவ்வொரு கால் வைத்து, நெருப்பு வளையத்துக்குள் போகிறவள் நான். மீசை ஒட்டியது.

4. மீசை வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். 'வீரர் எட்வர்ட்' என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியாயிற்று. வீரர் ஒத்திகையில் குதிரை மேல் ஏறினார், மயங்கினார், இறக்கினார்கள். மேனேஜர், அதே சர்க்கஸில் குதிரையேறிக்கொண்டிருந்த என்னைப் பிடித்து, போஸ்டர் ஒட்டிய அதே பசையால் மீசை ஒட்டிவிட்டார். கைதட்டல் எல்லாம் எட்வர்டுக்குப் போனது. போனதை வேறு எப்படி வாங்குவது? அவரையே கட்டிக்கொண்டேன்.

5. அத்தாட்சி: படத்தின் இடது ஓரம் பார்க்கவும். நெருப்பை அணைக்க வாளியோடு, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒருவர் நிற்கிறார். அவர்தான் எட்வர்ட்.

6. படம் கேட்டு வந்த தங்கள் ஊழியர் கல்பனா மேல் குற்றமில்லை. நான் ரேஷன் கடைக்குப் போன நேரம். மீசையைப் பார்த்தாள், பெயர் கேட்டாள், இவர் கூசாமல் தன் பெயரைச் சொன்னார். கேட்டால், "இன்னா மேரி, என் பேர் வேற உன் பேர் வேறயா?" என்கிறார். ஆமாம் ஐயா, வேறதான். வருகிற ஞாயிறு திறப்பு விழாவுக்குள் மாற்றாவிட்டால், பேரப்பிள்ளைகள் ஆயுசுக்கும் தாத்தாவைப் பார்த்துத்தான் நிமிர்வார்கள்.

7. குதிரைகள் பெயரும் எழுத வேண்டும்: ராணி, தொரைசாமி. அவை மீசை ஒட்டிக்கொள்ளவில்லை.

8. கிழவி கதை விடுகிறாள் என்று தாங்கள் நினைக்கலாம். ஆகவே நேற்று, கல்யாண ஊர்வலக் குதிரை வைத்திருக்கும் தேசப்பனிடம் கேட்டேன். "ஆயா, நீ வுழுந்தா நான்தான் ஜெயிலுக்குப் போவணும்" என்று அழாத குறை. முட்டிக்குத் தைலம், பாதம் வழுக்காமலிருக்கக் குங்கிலியப் பொடி தடவி, ஏறி நின்றேன். குதிரை நடக்கவில்லை, நின்றது, அதையும் மறைக்கவில்லை. பிரின்சி செல்லில் எடுத்த படம் இணைத்துள்ளேன். சேலை கட்டியிருக்கிறேன். மீசை இல்லை.

ஆகவே பழைய படத்தில் என் பெயரை எழுதி, பக்கத்தில் புதுப் படத்தையும் மாட்டும்படி வேண்டுகிறேன். பொன்னாடையை அவருக்கே போர்த்துங்கள். வாளி பிடிக்கவும் ஆள் வேண்டுமே. பெயர் மட்டும் என்னுடையது.

இடம்: கவரைப்பேட்டை
நாள்: 10.11.2025

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
எ. ஆரோக்கியமேரி

சாட்சி: மேலே கண்டது அத்தனையும் நிஜம். புதுப் படத்தில் குதிரைக் கயிற்றைப் பிடித்திருப்பது நான். கண்ணைத் திறந்துதான் இருந்தேன். போட்டோவில் அப்படி விழுந்துவிட்டது.
எட்வர்ட்